மாப்பிள்ளை கூட்டி எழுதிய அறை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் பலகை நட்டோம். நட்டோம் என்று சொன்னால் நானும் ஏதோ வேலை செய்ததாக ஆகிவிடும். குழி தோண்டியது மாப்பிள்ளை. பலகை நேராக நிற்கிறதா என்று நான் பார்த்தேன். நிற்கவில்லை. அதைச் சொன்னால் மண்வெட்டி என் கைக்கு வரும் என்பதால், நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

'விரைவில் விற்பனைக்கு' என்று பலகையில் எழுதியிருந்தது. கீழே மாப்பிள்ளையின் தொலைபேசி எண்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். நாற்பத்தைந்து வருடம் தையல் கடை நடத்தியவர். என் மனைவி இறந்த பிறகு அவர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டவன் நான். வயது எழுபத்தெட்டு. இல்லாததைக் கூட்டிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இதில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

வீட்டை விற்பதற்கு ஒரே காரணம் பதினான்கு படிகள். கீழே கூடமும் சமையலறையும். குளியலறை, படுக்கையறை எல்லாம் மாடியில். தங்கைக்கு எழுபத்திரண்டு வயது; இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். வலது முட்டி தேய்ந்துபோய், அந்த வருடம் மட்டும் இரண்டு தடவை படியில் விழுந்தாள். "இன்னொரு தடவை விழுந்தா, திரும்ப நடக்க வெப்பேன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி, படியே இல்லாத தரைத்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தோம். மாதக் கடைசி வரை எங்களுக்காக நிறுத்தி வைப்பதாக அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் இது விற்றாக வேண்டும்.

வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் அம்மாவுக்கு வேலை தலைக்கு மேல். அடுத்த வாரச் சனிக்கிழமைதான் வர முடியும் என்றாள்.

"வேணும்னா இப்பவே போர்டு வெச்சுக்குங்க. விரைவில்னு போட்டா ஆள் ஆவலா இருப்பாங்க. ஆனா நான் வந்து அளந்து, படிவத்துல கையெழுத்து ஆகற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க சார். நான் என்ன எழுதறேனோ அதுதான் வீடு" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலகை போதாதென்று, இணையத்திலும் ஒரு விளம்பரம் போட்டுவிடலாம் என்றார் மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலில் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

'காற்றோட்டமான வீடு. மாடியில் நான்கு படுக்கையறைகள்.'

"மூணுதானே மாப்பிள்ளை?"

"உள்ள துணி விட்டுத் தைக்கிறது மச்சான். அந்தம்மா அளக்க வரும்போது பிடிச்சுச் சுருக்கிக்கலாம்."

அவர் கடையில் தைத்த எந்தக் கால்சட்டையையும் திருப்பிப் பாருங்கள், தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி மடிந்து கிடக்கும். ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம். அளவோடு வெட்டுகிறவன் ஆளை நம்பாதவன் என்பார். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கும் ஓர் அறை விட்டுத் தைத்துவிட்டார்.

அவர் ஒன்று கூட்டும்போது நான் சும்மா இருந்தால் என் பெயர் என்ன ஆவது? பேனாவை வாங்கி அடுத்த வரியை நான் எழுதினேன்.

'நான்காவது அறை, வயதான ஒருவருக்கென்றே அமைந்தது. வெளிச் சத்தம் துளியும் உள்ளே கேட்காது. தனிமையே தெரியாது.'

பாப்பா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு கிழங்களும் சேர்ந்து வீட்டைக் கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிக்கிறீங்க. இருக்கறதை விட்டுட்டு இல்லாததைப் புகழுங்க."

"உனக்காகத்தான்டி" என்றார் மாப்பிள்ளை, தாளில் இருந்ததை அப்படியே தொலைபேசியில் ஏற்றிக்கொண்டே.

வியாழக்கிழமையே வீடு பார்க்க முதல் ஆட்கள் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். உள்ளே விடக்கூடாது என்பது நினைவில் இருந்தது. வாசலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. "நீங்களே மேல போய்ப் பாத்துட்டு வாங்க, எங்களுக்கு முட்டி ஒத்துழைக்காது" என்றேன். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள்.

"நாலாவது ரூம் ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க அம்மாவுக்குச் சரியா இருக்கும். கொஞ்சம் இருட்டு, ஆனா குளுகுளுன்னு இருக்கு" என்றாள் மனைவி.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

"ஒரு நாற்காலி மட்டும் கிடக்குது. அதையும் சேத்து வித்துடுவீங்களா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

அவர்கள் போனதும் நானும் மாப்பிள்ளையும் படியேறினோம். மாடி நடை நீளமானது. ஒரு பக்கம் முழுக்க வெறும் சுவர், மறுபக்கம் கதவுகள். படுக்கையறைக் கதவு மூன்று. கடைசியில் குளியலறை. நாலாவது அறை எங்கேயும் இல்லை.

ஆனால் ஒரு வாசனை இருந்தது. கஞ்சி போட்ட புதுத் துணியை முதல் தடவை பிரிக்கும்போது வருமே, அது.

"குளியலறையைத்தான் அறைன்னு நினைச்சிருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

"குளியலறையில நாற்காலி எதுக்கு?"

அப்போதுதான் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். எலி இல்லை. டக். கொஞ்சம் இடைவெளி. டக். ஒரு நூல் அறுந்து, அடுத்த நூலுக்குப் போவது போல.

மாப்பிள்ளை சுவரில் காதை வைத்தார். "மச்சான், இது தையல் பிரிக்கிற சத்தம்" என்றார் மெதுவாக.

மறுநாள் ஒரு பஸ் டிரைவர் வந்தார். வழுக்கைத் தலை, தாராளமான குரல். மேலே போனபோது பாடிக்கொண்டே போனவர், வரும்போது குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"நாலாவது ரூம்ல ஒரு பெரியம்மா உட்காந்திருக்காங்க. முதுகைக் காட்டிக்கிட்டு. கூப்பிட்டேன், திரும்பல. தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

அப்போது சமையலறையிலிருந்து பாப்பா தேநீரோடு வந்தாள். சாம்பல் நிறச் சால்வை, நரைத்த கொண்டை, கையில் தடி. டிரைவர் அவளைப் பார்த்தார். படியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஓ, ரெட்டைப் பிறப்பா?" என்றார்.

தேநீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

அன்று மாலை வெயில் இருக்கும்போதே கதவைக் கண்டோம். முதலில் கண்டது பாப்பாதான். ஒவ்வொரு படியாக மூச்சுவாங்கி மேலே ஏறியவள், நடையில் நின்று எங்களைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது எப்ப வெச்சீங்க?"

இரண்டாவது அறைக்கும் மூன்றாவது அறைக்கும் நடுவே ஒரு கதவு. மற்றக் கதவுகளைப் போலவே பழுப்பு நிறம், பித்தளைப் பிடி. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் கனமுள்ள சுவர். அங்கே ஒரு துடைப்பத்தைக்கூட ஒளித்து வைக்க முடியாது. மாப்பிள்ளை கழுத்தில் இன்னும் தொங்கிய அளவு நாடாவை எடுத்து நடையை அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். வெளிச்சுவரை இறங்கிப் போய் அளந்தார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளியில இருக்கறதைவிட உள்பக்கம் ஒன்பது அடி கூட இருக்கு" என்றார்.

கதவைத் திறந்தோம். சின்ன அறை. மங்கலான வெளிச்சம், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு நாற்காலி. யாரும் இல்லை. நான் உள்ளே தலையை மட்டும் நீட்டினேன். தெருச் சத்தம், பக்கத்து வீட்டு வானொலி, என் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் மூச்சு எல்லாம் கத்தரித்தாற்போல் நின்றுபோயின. தலையை வெளியே எடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தன.

விளம்பரத்தில் சொன்னபடியே இருந்தது. என் எழுத்து அவ்வளவு பலிக்கும் என்று தெரிந்திருந்தால் இளமையிலேயே வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

"உடனே விளம்பரத்தை எடுங்க மாப்பிள்ளை."

அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அது அடித்தது. மருந்துக்கடைக்காரர். வீட்டை வாங்க முடிவு செய்துவிட்டார்களாம், நாலாவது அறைக்காகவே. ஒரு வாரத்தில் முன்பணம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் முட்டியைப் பார்த்தேன். மத்தளம் போல வீங்கியிருந்தது.

விளம்பரத்தை எடுக்கவில்லை. கதவுக்கு முன்னால் துணி அலமாரியை நகர்த்தி வைத்தோம். அதுதான் நாங்கள் செய்த காவல்.

அந்த வாரம் முழுக்க யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாப்பிள்ளை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் அவர் போகாத நேரத்தில் நடந்தேன். மேலே போனால் அலமாரி ஒரு சாண் தள்ளியிருக்கும். நகர்த்தி வைப்போம். மறுநாள் இரண்டு சாண். புதன்கிழமை பாப்பாவிடம் கேட்டேன்.

"நீ அங்க போறியா?"

"கொஞ்ச நேரம் உக்காந்தேன். அங்க உக்காந்தா முட்டி வலிக்கவே இல்ல அண்ணே. அதுவும் பேச்சுத் துணைக்கு…" என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

"பேச்சுத் துணைக்கு யாரு?"

"யாருமில்ல. நான்தான்."

"உனக்கு நீயே பேசிக்கறியா?"

"நான் பேசறேன். அவ கேக்கறா" என்றாள் பாப்பா, வானிலை சொல்வது போல.

இனி அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்யும்போது அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏஜென்ட் வந்தாள். கையில் சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் கருவி. விறுவிறுவென்று மாடிக்குப் போனாள். பின்னால் மாப்பிள்ளை போனார். அலமாரி முழுவதுமாகத் தள்ளப்பட்டிருந்தது. கதவு அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது. அவள் அந்தக் கதவின் மேலேயே தோளைச் சாய்த்துக்கொண்டு அளந்தாள்.

"இது சுவர்தானே சார்? ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"நீங்க எங்க விளம்பரத்தைப் படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? நான்தான் எழுதப் போறேன்."

கீழே வந்து மேசையில் படிவத்தை விரித்தாள். கூடம், சமையலறை, குளியலறை என்று நிரப்பிக்கொண்டே வந்தாள். 'படுக்கையறைகள்: 3' என்று எழுதினாள்.

மேலே ஒரு சத்தம் எழுந்தது.

தடதடதடவென்று ஒரே சீராக. வீட்டில் தையல் இயந்திரம் கிடையாது, கடையோடு மாப்பிள்ளை அதையும் விற்றுவிட்டார்.

"யாரோ தையல் போடறாங்க" என்றார் மாப்பிள்ளை.

"அம்மா தைக்கிறாங்களா?" என்றாள் ஏஜென்ட்.

அப்போதுதான் பாப்பா கூடத்தில் இல்லை என்பதைக் கவனித்தோம். ஏஜென்ட் வருகிறாள் என்று முகம் கழுவ மேலே போனவள்.

தையல் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது. சுவருக்கு உள்ளிருந்து.

"அண்ணே, கதவு எந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை படிவத்தின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துவிட்டார். "நாலுன்னு திருத்துங்கம்மா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"இல்லாத ரூமை எழுதினா என் லைசென்ஸ் போயிடும் சார். கையை எடுங்க."

நான் படியேறினேன். எழுபத்தெட்டு வயதில் பதினான்கு படியை எத்தனை மூச்சில் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. மேலே கதவு இருந்தது. ஆனால் பாதிக் கதவு. நான் பார்க்கப் பார்க்க அதன் அகலம் சுருங்கியது. சுவர் இரண்டு பக்கமிருந்தும் மடிந்து வந்தது, துணியைப் பிடித்துத் தைப்பது போல.

"பாப்பா, இங்க வா."

வெளிச் சத்தம் துளியும் உள்ளே கேட்காது. எழுதியவன் நானே.

இடுக்கு ஒரு சாணுக்கு வந்தபோது தோள் வரை கையை உள்ளே விட்டேன். குளிர்ந்த காற்று. கஞ்சித் துணி வாசனை. தடவினேன். ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு கை என் கையைப் பிடித்தது.

காய்ந்த, எலும்பான, வயதான கை. இழுத்தேன்.

"அண்ணே" என்று குரல் கேட்டது. குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. கை என் பக்கத்தில் இருந்தது. நின்று யோசிக்க நேரமில்லை. முழுப் பலத்தோடு இழுத்தேன்.

பக்கவாட்டில் திரும்பி, துணிக்குள்ளிருந்து ஊசி வருவது போல வந்தாள். சாம்பல் சால்வை. நரைத்த கொண்டை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இடுக்கு மூடிக்கொண்டது. தையல் சத்தம் நின்றது. வெறும் சுவர்.

"தடி எங்க பாப்பா?"

அவள் நடந்து போய், கைப்பிடியைத் தொடாமல் பதினான்கு படியையும் இறங்கினாள். மேசை அருகே நின்றாள். மாப்பிள்ளை படிவத்தின் மேல் படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"மூணுதான். கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகம். நாலாவது அறை இல்லை என்றதும் மருந்துக்கடைக்காரர் விலகிக்கொண்டார். ஒரு பள்ளி ஆசிரியை வந்து, மூன்று அறை போதும் என்று வாங்கிக்கொண்டாள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தரைத்தள வீட்டுக்கு வந்தோம். ஆனால் தரைத்தளம் தேவைப்படவே இல்லை. பாப்பாவின் முட்டியைத் தட்டிப் பார்த்த டாக்டர், பழைய எக்ஸ்ரே படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது யாருடையது என்று கேட்டார். இப்போது அவள் கடைக்கும் போகிறாள், ஜன்னலும் துடைக்கிறாள். மாப்பிள்ளை அவளைக் கண்கொட்டாமல் பார்த்துப் பூரித்துப் போகிறார். எங்கள் இரண்டு பேரையும் அவள் கிழங்கள் என்று கேலி செய்து நாலு மாதம் ஆகிறது. வலி போனால் வாயும் அடங்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

நேற்று முற்பகல் மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அவர் தொலைபேசி மேசையில் கிடந்து அடித்தது. நான் எடுத்தேன். பழைய வீட்டை வாங்கிய ஆசிரியை.

"ஐயா, பைத்தியம்னு நினைக்காதீங்க. மாடியில ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவத்துக்குள்ள ஒரு அம்மா பேசறாங்க. வந்த நாள்லேருந்து கேக்குது. பொழுதன்னைக்கும் அண்ணே, அண்ணேன்னு கூப்பிடறாங்க. நான் பதில் சொன்னா அவங்களுக்குக் கேக்கல போல. முட்டி வலிக்குது, எங்க அண்ணன் எங்கன்னு அழறாங்க. அந்த வீட்டுல உங்களுக்கு யாராவது தங்கச்சி…"

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

அவள் மேல் தட்டிலிருந்து டப்பா எடுப்பதற்காக உயரமான ஸ்டூலில் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்றேன்.

தொலைபேசியில் ஆசிரியை இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், எழுபத்திரண்டு வருடமாக எனக்குப் பழகிய குரல் ஒன்று என்னைக் கூப்பிட்டது. நான் வைத்துவிட்டேன்.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினாள்.

தரையில் சத்தமே கேட்கவில்லை.